திரைச்சீலை வாங்காத வீடுகள்

பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். சந்தேகம் என் கூடவே பிறந்தது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நகரத்தில் வீட்டு விலை ஏறியதா இறங்கியதா என்று சொல்லும் அறிக்கையைத் தயாரிப்பது நான்தான்.

இந்த முறை பன்னிரண்டு சதவீத ஏற்றம் என்று வந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை என் தம்பி அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி, இனியும் காத்திருந்தால் வீடு கைக்கு எட்டாது என்றான். என் வீட்டின் பின்னறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஆறு வருஷமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறான். புரோக்கர் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டைக் காட்டியிருக்கிறானாம். வெள்ளிக்கிழமை காலை முன்பணம். இத்தனை வருஷச் சேமிப்பும் அவன் மனைவியின் நகையும் மொத்தமாக அதில் போய்விடும்.

புதன்கிழமை மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரி புலம்பினாள். கடைகளின் விற்பனை விவரம் திரட்டுவது அவள் வேலை. கட்டில், மின்விசிறி, பெயிண்ட், திரைச்சீலை எல்லாமே படுத்துவிட்டதாம். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். வீடு வாங்கியவன் ஜன்னலுக்கு ஒரு துணிகூட வாங்காமலா இருப்பான்? எங்கேயோ உதைத்தது.

முதலில் புரோக்கர்களைச் சந்தேகப்பட்டேன், கூட்டுச் சேர்ந்துகொண்டு பொய் விலைக்குப் பத்திரம் பதிந்திருப்பார்கள் என்று. பிறகு மேலாளரை. போன வாரம்தான் வராண்டாவில் எவனோ ஒருவனிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பத்திர நகல் கட்டுகளை இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வியாழன் மதியம்வரை புரட்டியும் ஒரு பொய்கூட அகப்படவில்லை. எரிச்சலாக வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. போன காலாண்டில் விற்ற வீடுகள் நூற்று நாற்பது. அதில் தொண்ணூறு சின்ன வீடுகள். இந்த முறை விற்றதே ஐம்பத்தொன்றுதான்; சின்ன வீடு இருபத்துநாலு. சின்ன வீட்டை வாங்க ஆள் குறைந்துவிட்டது. பாதிக்கு மேல் பெரிய பங்களாக்களே கைமாறியதால் சராசரி தானாக எகிறியிருக்கிறது. தம்பி பார்த்த அதே கட்டடத்தில் ஒரு வீடு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை விற்கப்பட்டு, நாற்பது லட்சத்திலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. எத்தனை வீடு, எப்படிப்பட்ட வீடு என்று பார்க்காமல் சராசரியை நம்பாதே என்பது எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“நாங்க தனியா போறது உனக்குப் பிடிக்கல அக்கா. அதான் விஷயம்,” என்றான்.

சந்தேகப்படுவது என் குணம், அவனுடையது அல்ல. பேச்சை வளர்க்காமல் அந்தக் கட்டடத்தின் இரண்டு பத்திர நகல்களையும் அவன் முன்னால் போட்டேன். இரண்டு தடவை படித்தான். பிறகு மனைவியிடம் நீட்டினான். அவள் தேதியையும் தொகையையும் விரல் வைத்துப் பார்த்தாள். நாளைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப பன்னெண்டுன்னு எப்படி கையெழுத்துப் போட்ட?”

“அன்னிக்குத்தான் கடைசி நாளு. சரியா பாக்காம போட்டுட்டேன்டா.”

“வீட்டுக்குள்ள இருக்கறதால என்னைத் தடுத்துட்ட. மத்தவங்க? அதைப் படிச்சிட்டு எத்தனை பேரு இந்நேரம் முன்பணம் கொடுத்திருப்பாங்க?”

நான் விரல் விட்டு எண்ணினேன். அறிக்கை வெளியாகி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.