வாய் வைக்காத பெட்டி

என் அக்கா புருஷன் தண்ணீர்த் தொட்டி வெல்டர். அவர் அடைத்த தொட்டி ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை. தெருநாய்க்குக்கூட இது தெரியும், அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். நான் குழாய் வேலைக்காரன். நான் போட்ட குழாய் ஒன்று ஒழுகியது. அதுவும் அவர் வீட்டிலேயே.

அலமாரிக்கு மேலே ஓடிய குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போய், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் கொட்டியது. துணிமணி காய்ந்துவிட்டது. அக்காவின் பள்ளிச் சான்றிதழும் எங்கள் அம்மாவின் ஒரே போட்டோவும் கூழாகிவிட்டன. சான்றிதழுக்கு எழுதிப்போட்டு நகல் வாங்கினோம். போட்டோவுக்கு யாருக்கு எழுதுவது? அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அக்கா கட்டட வேலையில் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டுகிறவள். ஏழு வருஷம் அண்ணாந்து பார்த்தே கழுத்து தேய்ந்தது. இந்த வருஷம் பரீட்சை எழுதி, கிரேன் ஓட்டும் லைசென்சை வாங்கிவிட்டாள். அது கைக்கு வந்த அன்று மாமாவிடம் நீட்டிச் சொன்னாள்: "தண்ணி போகக் கூடாது, தீ போகக் கூடாது, எலி போகக் கூடாது. எதுவுமே உள்ள போக முடியாத மாதிரி ஒரு பொட்டி பண்ணுங்க."

மாமா சொன்ன சொல் தவறாதவர். மூன்று எம்எம் தகட்டில் சிமெண்டு மூட்டையில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி செய்தார். லைசென்ஸ், வீட்டுப் பத்திரம், கல்யாணப் போட்டோ மூன்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, பொறி தாங்கும் கனத்த துணியால் நாலு சுற்றுச் சுற்றி உள்ளே வைத்தார். மூடியை வைத்தார். அதையும் வெல்டு அடித்தார். காகிதம் கருகக் கூடாதென்று ஈரச்சாக்கைப் போர்த்தி, விரல்கடை அளவு அடிப்பது, ஆறவிடுவது, மறுபடி அடிப்பது என்று இரண்டு சாயங்காலம் குனிந்தே இருந்தார். பிறகு பெட்டியைத் தண்ணீர்ப் பீப்பாயில் முக்கிப் பிடித்தார். ஒரு குமிழி வரவில்லை.

திறக்கிறது எப்படி என்று நான் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய் வச்சது எல்லாம் ஒழுகும், மாப்ள. ஒன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

எங்களுக்குள் அப்போது பேச்சுவார்த்தையே சரியில்லை. அவருடைய அளவு டேப்பைக் காணவில்லை. ஐந்து மீட்டர் டேப், பதினெட்டு வருஷம் இடுப்பில் தொங்கியது. நான்தான் எடுத்தேன் என்று முடிவு கட்டிவிட்டார். குழாய்க்காரன் கண் டேப் மேலேயே இருக்கும் என்று டீக்கடை வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அங்கே எனக்கு 'டேப்பு' என்றே பெயர் விழுந்தது.

பெட்டி கட்டிலுக்கடியில் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். காலை பதினோரு மணிக்கு வேலையிடத்திலிருந்து அக்காவுக்குப் போன். கிரேன் ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகிறார், இடம் காலி. லைசென்சின் அசலை நாலு மணிக்குள் ஆபீசில் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள். காப்பி செல்லாது. சொல்லப்போனால் காப்பியும் இல்லை. பெட்டி இருக்கிற தெம்பில் யாரும் எடுக்கவில்லை.

அக்கா கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு பக்கமும் தடவினாள்.

"பூட்டு எங்க இருக்கு?"

மாமா தலையைச் சொறிந்தார்.

அக்கா அன்றைக்குச் சொன்னதை எழுதினால் அச்சடிக்கிறவன் ஓடிவிடுவான். எனக்குப் போன் வந்ததும் ஓடினேன். மாமா கிரைண்டரைக் கையில் எடுத்திருந்தார். பத்து நிமிஷ வேலையாம். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். தீப்பொறி கக்குகிற எதுவும் இதன் கிட்டே வரக்கூடாதாம். அவள் பெட்டியை ஆட்டியபோது உள்ளே 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டது.

"காயிதம் இப்படிச் சத்தம் போடுமா?" என்றாள். டப்பா ஆடுகிறது என்றார் மாமா. குரலில் தெம்பு இல்லை.

மிச்சம் கையறுவை ரம்பம்தான். அது என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியைப் பிடிக்க வைசும் என்னிடம்தான், என் மூன்று சக்கரச் சாமான் வண்டியின் பலகையில் முடுக்கியிருக்கிறது. மாமா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் கேட்டார். நான் கொஞ்ச நேரம் காது கேட்காதவன் மாதிரி நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டது.

அவர் வெல்டு மேல் ரம்பம் வழுக்கியது. அதற்கும் பெருமைப்பட்டார் மனுஷன். ஓரம் தள்ளி வெறும் தகட்டில் வைத்து, மாற்றி மாற்றி அறுத்தோம். இரண்டு மணிக்குள் நாலு பிளேடு போச்சு, மூன்று பக்கம்கூட முடியவில்லை. அக்கா எழுந்தாள். இங்கே அறுக்கிறதை ஆபீசுக்குப் போகிற வழியிலேயே அறுக்கலாம், வண்டியை எடு என்றாள்.

நான் பெடல் மிதிக்க, பின்னால் மாமா ரம்பம் இழுக்க, அக்கா பைப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து பெட்டியை அமுக்கிப் பிடிக்க, கடைத்தெரு வழியே போனோம். சிக்னலில் நின்றபோதும் அவர் நிறுத்தவில்லை. பக்கத்து லாரிக்காரர், எந்தப் பேங்கில் எடுத்தது என்று விசாரித்தார்.

மூன்றரைக்கு ஆபீஸ் வாசல். கிளார்க் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, அசல் எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்று அக்கா பெட்டியைக் காட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, விளையாடாதே, நாலு அடித்தால் ரிஜிஸ்தரை மூடிவிடுவேன் என்றார். கறகறவென்ற சத்தத்துக்கு மேனேஜரே வெளியே வந்துவிட்டார். வெல்டு வரியை விரலால் தடவினார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான் சார்" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"பிரமாதம். எதுக்கு இப்படி?"

மாமா ரம்பத்தை எடுத்தார். மறுபடி குனிந்து அறுத்தார். எங்கள் இரண்டு பேர் உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து பிடியெல்லாம் பிசுபிசுத்தது.

நாலுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கையில் கடைசி ஓரம் விட்டது. மூடியை நெம்பினேன். முதலில் தரையில் விழுந்தது டப்பா இல்லை. மாமாவின் டேப்.

அக்கா துணியைப் பிரித்து டப்பாவைத் திறந்தாள். லைசென்ஸ் நேற்று வாங்கியது மாதிரி வெள்ளையாக இருந்தது, ஓரம்கூடப் பழுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

நான் டேப்பைப் பொறுக்கி, தூசி தட்டி, மாமாவிடம் நீட்டினேன். வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன்" என்றார்.

சீல் குத்துகிற சத்தம் ஜன்னலிலிருந்து கேட்டது. அக்கா மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். நேராகப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றிலும் மூன்று காப்பி எடுத்தாள். ஒரு கட்டு என்னிடம் வந்தது. என் வீட்டில் குழாய் எதுவும் ஓடாத சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும், வந்து பார்ப்பாளாம்.

பெட்டியில் இப்போது வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். மாமா டீக்கடையில் எனக்கு ஒரு டீ சொன்னார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. பெயர் மட்டும் மாறவில்லை. 'டேப்பு' என்று யாராவது கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.