அப்பாவின் சட்டைப்பையில் ஆறு எண்

"எடுக்க மாட்டேங்கிறாரும்மா! இன்னும் ரெண்டு நிமிஷந்தான் இருக்கு!"

மகள் அம்மாவின் பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மாவு மில்லில் பெல்ட் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அப்பாவுக்குக் கேட்காது. சட்டைப்பைக்குள் சிணுங்கும் போனா கேட்கப் போகிறது? மடிக்கணினித் திரையில் ஆறு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் போட வேண்டிய ஆறு எண்ணும் அந்தச் சட்டைப்பையில் இருந்தன. ஐந்து நிமிடம் முடிந்ததும் திரை மறுபடி முதல் பக்கத்துக்கே போய் நின்றது.

"போச்சு," என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமையில் அது மூன்றாவது முறை.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் இணைய நூலகம் ஒன்றில் சேர்ந்திருந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளையெல்லாம் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம் என்று மகள் சொன்னபோது, பத்தாவதோடு நின்றுபோன அம்மாவுக்கே ஆசையாக இருந்தது. உள்ளே போக ஒவ்வொரு முறையும் போனுக்கு ஓர் ஓடிபி வரும். பெயர் பதியும்போது பள்ளி ஆபீஸ் கிளார்க், பையன்களுக்கு அவரவர் எண்ணை எழுதிக்கொண்டார். பெண்களுக்கெல்லாம் அப்பா எண். "பொம்பளப் புள்ளைங்க பாருங்க, ஒரு பாதுகாப்புக்குத்தான்," என்றாராம். கட்டுரை படிக்கிறவளை எது வந்து கடித்துவிடும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

வேலை முடிந்து வருகிற அப்பாவிடம் எண்ணைக் கேட்டால், "வீட்டுக்கு வந்தும் போனா? போய்ப் படு," என்பார். எண்ணையே மாற்றிக்கொள்ளலாம் என்று நூலக டீச்சர் சொன்னதை மகள் ஒருநாள் பயந்து பயந்து சொல்லிப் பார்த்தாள். "பொட்டப் புள்ளைக்குத் தனி நம்பர் கேக்குதா?" என்று இருமிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் மகள் தம்பியின் கணக்கில் நுழைந்து படித்தாள். அவன் அவளுக்கு ஒரு வகுப்பு கீழே. அந்த நூலகத்தை அவன் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. அக்கா கெஞ்சினால், போனில் விளையாடிக்கொண்டே தனக்கு வந்த எண்ணைப் படித்துக் காட்டுவான், அவ்வளவுதான். மாவுத் தூசி மில்லில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. தலைப்பு சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டதும் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இரண்டு மாதமாகப் படித்து ஒரு நோட்டு நிறையக் குறிப்பெடுத்திருந்தாள். இன்னும் பாதி பாக்கி.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை பள்ளியில் தலையில் கல்லைப் போட்டார்கள். நூலகத்தை அதிக நேரம் பயன்படுத்திய மாணவன் என்று தம்பியை மேடைக்குக் கூப்பிட்டு, மாவுத் தூசியும் நுரையீரலும் பற்றித் தேடியதாக எழுதிய சான்றிதழைக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அதே மேடையில் தலைமையாசிரியர் அடுத்ததையும் சொன்னார்: பெண்களுக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லையென்று கணக்கே காட்டுகிறது, திங்கட்கிழமைக்குள் உள்ளே நுழையாதவர்களின் இடம், காத்திருக்கும் பையன்களுக்குப் போய்விடும்.

தம்பியும் இப்போது உஷாராகிவிட்டான். "இனிமே என் கணக்குல நுழையாதக்கா. தெரிஞ்சா சர்ட்டிபிகேட்டப் புடுங்கிடுவாங்க."

அந்தச் சான்றிதழை அப்பா மில் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. சாப்பாடு கொடுக்கப் போன அம்மா தன் காதாலேயே கேட்டாள். "என் இருமலப் பத்தி எம் பையன் என்னமா தேடியிருக்கான் பாருங்க!" என்று மாவு அரைக்க வந்தவர்களிடம் அவருக்கு வாயெல்லாம் பல். அம்மா தூக்குவாளியை ணங்கென்று வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் அரை நாள்தான். அப்பா மதியமே வந்து, மாவு படிந்த சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

"நம்பர மாத்தணும்னா என்ன செய்யணும்?" என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்மா. அதப் போட்டாத்தான் புது நம்பர் ஏறும்."

"அதுக்கும் அவர்தானா? நல்லாயிருக்குடியம்மா உங்க நியாயம்! சரி, அமுக்கு."

"அம்மா, அப்பா…"

"அமுக்குன்னா அமுக்கு."

சட்டைப்பை அதிர்ந்தது. பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டைகளைத் துவைக்கிறாள். பைக்குள் கை விட்டதில்லை. "பையக் காலி பண்ணிக் குடுங்க," என்று அவரிடமே நீட்டுவாள். இப்போது கையை விட்டுப் போனை எடுத்தாள். "நாலு… ஒம்பது… ரெண்டு…" என்று ஆறையும் படித்தாள். புது எண்ணாகத் தன் பட்டன் போனின் எண்ணைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் "சாப்பாடு ஆச்சா?" என்பதைத் தவிர அந்தப் போனுக்கு வேறொன்றும் வந்ததில்லை.

"யாருடி என் போன எடுத்தது?" ஈரத் துண்டோடு அப்பா வாசற்படியில் நின்றார்.

"நான்தான்."

"எதுக்கு?"

"அவ நம்பர மாத்த. இனிமே உங்களுக்கு வராது, எனக்கு வரும்."

"யாரக் கேட்டு மாத்தின? அவளுக்கு எதுக்கு அதெல்லாம்? அதான் பையன் தேடி வச்சிருக்கானே!"

"அப்படியா? சரி, அவனையே கேளுங்க. ரெண்டு மாசமாத் தேடினானே, உங்க இருமலுக்கு என்ன செய்யணும்னு போட்டிருக்காம்?"

அப்பா மகனைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்தான். அப்பாவின் பார்வையும் அங்கேயே போய் நின்றது. மடிக்கணினிக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் நிறைந்த நோட்டு திறந்து கிடந்தது. அவருக்கு இருமல் வந்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"நீயா… என்னம்மா போட்டிருக்கு அதுல?"

மகள் உள்ளே நுழையத் தட்டினாள்; அம்மாவின் பட்டன் போன் கூவியது. அவள் அதைக் கண்ணருகில் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆறு எண்களையும் படித்தாள்.

"கொஞ்சம் இருங்கப்பா," என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது அஞ்சு நிமிஷந்தான் இருக்கும்."

அப்பா துண்டோடு அங்கேயே காத்து நின்றார்.