இனிப்பு என்று சொன்னேன்

ஹெல்கா அம்மையார் வருவதாகத் தொலைபேசியில் சொன்னபோது ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்திருக்கலாம். தவிர்க்கவில்லை. 2009 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்குக் கைத்தடியோடு ஷார்ஜா முவைலாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார்.

ஏழு வருடங்களுக்கு முன் துபாயில் தொடை எலும்பு முறிந்து கிடந்தவரை நாற்பது நாள் பார்த்துக்கொண்டவள் என் மனைவி அக்ஸா. நர்ஸ். ஊருக்குத் திரும்பும்போது அவளுக்கு ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் கொடுத்தார். ஆஸ்திரியாவில் அவர் குடும்பம் முந்நூறு வருடமாகச் செய்துவரும் ஒயின். அது அவர் அப்பாவின் கடைசி அறுவடை. பாட்டிலின் கழுத்தில் ஓர் அட்டை கட்டியிருந்தது. டிரை. படுக்கவைக்கவும். 2009க்கு முன் திறக்க வேண்டாம்.

"தண்ணியாத்தான இருக்கு, பெறகு என்ன டிரை?" என்றாள் அக்ஸா. எனக்கும் தெரியவில்லை. பி.காம். படித்தவன். யாரிடமும் கேட்கவில்லை.

ஷார்ஜாவில் பாட்டில் வைத்திருப்பதே குற்றம். துவாலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடத்தினாள். லீவில் ஊருக்குப் போகும்போதுகூட ஏசியை நிறுத்த விடமாட்டாள்.

"பிள்ளை தூங்குது. அணைச்சிராதீங்க."

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

2007 மே மாதம் டியூட்டியில் இருந்தபோது அவளுக்குத் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அன்றே போய்விட்டாள். முப்பது வயது.

முதல் வருட ஜெபம் முடிந்து நண்பர்கள் ரூமில் உட்கார்ந்திருந்தார்கள். விஸ்கி தீர்ந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் குனிந்து துவாலையை அவிழ்த்தேன்.

என்னோடு தங்கியிருக்கும் கிளிட்டஸ் அட்டையைப் படித்தான். "ஷார்ஜாவும் டிரை, பாட்டிலும் டிரை. நல்ல சேர்த்திதான்டே."

ஸ்குரூ டிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளினான். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். "வினாகிரிடே இது. புளிச்சுப் போச்சு."

செவன் அப் கலந்தோம். நான் மூன்று கிளாஸ் குடித்தேன். மீதியை சிங்க்கில் ஊற்றினேன்.

அக்ஸா இறந்தது ஹெல்காவுக்கு மருத்துவமனை வழியாகத் தெரிந்திருந்தது. வந்து உட்கார்ந்ததும் சுவரில் இருந்த அவள் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஒயின் இருக்கிறதா? அந்த அறுவடையில் எங்கள் வீட்டில் இனி ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பதுதான் கடைசி. அவளை நினைத்து இரண்டு பேரும் திறக்கலாம் என்று வந்தேன்."

"அவள் இருக்கும்போதே திறந்துவிட்டோம்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "நல்லது. அவள் குடித்தாளே, அது போதும். என்ன சொன்னாள்?"

எனக்குத் தெரிந்த ருசி ஒன்றுதான்.

"இனிப்பாக இருக்கிறது என்று சொன்னாள்."

கிளிட்டஸ் தட்டில் ஒரு கிளாஸ் செவன் அப் கொண்டுவந்து வைத்தான். ஹெல்கா அதைத் தொடவில்லை.

"ஜான், அதில் இனிப்பே கிடையாது. டிரை என்றால் அதுதான் அர்த்தம்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கிளிட்டஸ் என் காதருகே குனிந்தான். "மக்கா, உள்ளதச் சொல்லிரு."

சொன்னேன். துவாலை, ஸ்குரூ டிரைவர், செவன் அப், சிங்க் எல்லாம் சொன்னேன். அக்ஸா ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்பதைக் கடைசியில் சொன்னேன்.

"கலப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு வாயாவது குடித்துப் பார்த்தீர்களா?"

"இல்லை."

அவர் தட்டில் இருந்த கிளாஸை எடுத்தார். நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். கிளாஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ஆமாம். ரொம்ப இனிப்பு," என்றார்.

எழுந்திருக்க முயன்றபோது கைகொடுக்கப் போனேன். என் கையைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.