சுஜாவின் களிம்பும் ஆரியசாலை ஹம்ப்பும்

சுஜாவின் முகத்துக்கென்று டாக்டர் எழுதித் தந்த களிம்பால் முதலில் குணமானது ஒரு பலாப்பழம்.

ஆரியசாலையில் பகவதிப்பெருமாளின் முட்டை மொத்தக் கடையில் பில் போடுகிறவள் சுஜா. மூக்கின் இருபுறமும் கன்னங்களிலும் கடுகும் மிளகுமாகச் சிவந்த முடிச்சுகள் அவளுக்கு. மரபணுவில் வந்த கோளாறு, யாருக்கும் ஒட்டாது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்து, கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை ஊரே கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. ஐந்து வருடமாக அவள் மூக்கைத் தெருவில் ஒருவரும் கண்டதில்லை. தினம் இரண்டு வேளை, மூன்று மாதம் விடாமல் தடவினால் முடிச்சுகள் அடங்கும், நடுவில் விட்டால் மறுபடி கிளம்பும், களிம்பைக் குளிரில் வைக்கவேண்டும் என்றார் டாக்டர். அவள் வாடகை அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆகவே ட்யூப் கடை ஃப்ரிட்ஜில், முதலாளியின் மோருக்குப் பக்கத்தில் குடியேறியது.

அது தேங்காய் எண்ணெய் லிட்டர் ஐந்நூறைத் தாண்டிய வருடம். கடைவாசலில் பலாச்சுளை விற்கும் உலகம்மாளுக்கு, பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவ மனம் வரவில்லை. ஃப்ரிட்ஜில் கண்ட ட்யூபைப் பிதுக்கித் தடவிக்கொண்டாள். அவள் கை பட்ட இடத்திலெல்லாம் முள் படுத்துவிட்டது. பத்தே நிமிடத்தில் பலாப்பழம், சவரம் செய்த மாப்பிள்ளைக் கன்னம்போல் ஆயிற்று. மத்தியானத்துக்குள் நூற்றுப்பதினேழு பாகற்காய்கள் வழவழவென்றாகிக் கசப்பையும் மறந்தன. ஆட்டோ லிங்கம் தலையில் இடித்துக்கொண்ட புடைப்புக்குத் தடவினார். இன்றைக்கும் அவர் உச்சியில் டீத் தம்ளர் சிந்தாமல் நிற்கும். "பழவங்காடிக் கோயில் பக்கம் மட்டும் கொண்டுபோயிராதீங்கடே, பிள்ளையாருக்குத் தொந்தி இருக்கு" என்று ஒருவர் எச்சரித்தார்.

பழத்துக்குப் பத்து நிமிடம், முகத்துக்கு ஏன் மூன்று மாதம் என்று சுஜா டாக்டரிடம் கேட்டாள். பலாப்பழத்துக்கு மரபணுக் கோளாறு இல்லையே என்றார் அவர். ஆறாம் வாரம் அவள் கன்னத்துச் சிவப்பு வெளிறத் தொடங்கியது. ட்யூபும் ஒட்டி உலர்ந்தது. அடுத்தது வரப் பத்து நாள் ஆகும். மிச்சம் சரியாகப் பத்து நாளுக்குத்தான் காணும்.

அன்றைக்குப் பார்த்துப் பகவதிப்பெருமாள் ட்யூபோடு தெருவில் இறங்கினார். கடைக்கு முன்னால் வேகத்தடையாகப் போட்டிருந்த ஹம்ப்பில் ஒவ்வொரு லோடிலும் ஒரு தட்டு முட்டை உடைந்துகொண்டிருந்தது. மாநகராட்சிக்குப் பதினோரு மனு கொடுத்தாயிற்று.

"ஒரு விரல் மதி, சுஜா. அதுக்கு மேல வேண்டாம்."

"முழுசா முழுங்கினாலும் அடங்குற ஹம்ப்பா அண்ணாச்சி அது? என் மூஞ்சி என்னாகும்?"

"உனக்கு மாஸ்க் இருக்குல்லா. ஹம்ப்புக்கு மாஸ்க் போட முடியுமா?"

சுஜா ட்யூபைப் பிடுங்கினாள். ஹம்ப்பின் மேல் ஏறி நின்றாள். மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டப்பகலில், நடுத்தெருவில், கண்ணாடிகூட இல்லாமல் காலை வேளைக்கு உள்ளதைத் தடவ ஆரம்பித்தாள். வண்டிகள் நின்றன. கூடைக்குள் இருந்த கோழிகள்கூட வாயை மூடின.

"ஏளா," என்றாள் உலகம்மாள், "மூக்குக்கு இடப்பக்கம் விட்டுப்போச்சு பாரு."

அவ்வளவுதான். லாரியைப் பின்னால் எடுக்கும்போது சொல்வதுபோல் தெருவே கையாட்டி வழி சொல்ல ஆரம்பித்தது. "மேல... இன்னும் மேல... மதி, மதி!" என்றார் லிங்கம். அன்றோடு ட்யூபின் பக்கம் வேறு கை போகவில்லை. பகவதிப்பெருமாள் மோரை வெளியே எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜையே களிம்புக்குக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் முடிச்சுகள் பெரும்பாலும் அடங்கின. நாலைந்து மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கின்றன, அவள் பொருட்படுத்தவில்லை. தினம் இரண்டு வேளை அவள் ஏறி நின்றதில் ஹம்ப்பு தானாகவே படுத்துவிட்டது. மாநகராட்சி மூன்று முறை புதிதாகப் போட்டது. மூன்று முறையும் படுத்தது. நான்காம் முறை வந்த ஓவர்சியர், அவள் தடவுவதைக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "சேச்சீ, வலத்தே கன்னத்துல இன்னும் கொறச்சு கூடித் தடவணும்" என்று சொல்லிவிட்டு, தார் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.