டாக்டர் வயலில் இலைப்புள்ளி

கடலைச் செடிக்கு என்ன நோய் வந்தாலும் எட்ட நின்றே பெயர் சொல்லிவிடுவார் என்பதால் ஊரில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். ஃபீஸ் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. "கடலை போட்ட நிலத்துலயே மறுபடியும் கடலை போட்டா, புள்ளி விழாம பூவா விழும்?" என்று போன வருடம் தன் சகலையை நாலு பேர் முன்னால் கேட்டவர். சகலை தன் தங்கை புருஷன் என்பதால் டாக்டரின் மனைவி அதை மறக்கவில்லை.

இந்த வருடம் டாக்டரே கடலை போட்ட நிலத்தில் மறுபடியும் கடலை போட்டார். ஊருக்குத்தானே உபதேசம்! காய் பிடிக்க மண்ணில் விழுது இறங்கும் நேரம் பார்த்து, இலைகளில் மஞ்சள் வளையத்தோடு கரும்புள்ளிகள் வந்தன. இலை கொட்டினால் காய் திரளாது. அவர்களுக்கு இருந்ததோ அந்த ஒரே வயல். மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் இருந்தது சகலையிடம்.

"வெயில் சூடு. தானா சரியாயிடும்," என்றார் டாக்டர்.

"இதையே வேற யாராவது சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி. அவர் செருப்பைத் தேடினார்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் வயலுக்குப் போய், பனி ஈரத்தில் முழங்கால்வரை நனைந்து வந்தார். துவைக்க எடுத்த கால்சட்டைப் பைகளில் புள்ளி விழுந்த இலைகள். முழுப் பூசணிக்காயை மனுஷன் இலை இலையாகக் கிள்ளி மறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் போய்ப் பார்த்தாள். வரப்போரச் செடிகள் மொட்டையாக நின்றன. நன்றாக இருந்த நடுவயலில் புதுப்புள்ளிகள் ஒரே கோடாக வளைந்து, அவர் புகைபிடிக்கும் மரத்தடியில் போய் முடிந்தன. சிரிப்பு வந்தது; இருப்பது ஒரே வயல் என்று நினைத்ததும் நின்றுபோனது.

"ஈரத்துல நடந்து நடந்து நீங்களே நோயைப் பரப்பிட்டீங்களே, டாக்டர்!"

சகலையிடம் ஸ்ப்ரேயர் கேட்கச் சொன்னாள். "அவன் சிரிப்பானே," என்றார் அவர்.

"சிரிச்சுட்டுப் போகட்டும். வயலைவிடவா?"

அவரே போய்க் கூப்பிட்டார். சகலை ஸ்ப்ரேயரோடு வந்து ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தார். 'பூவா விழும்?' என்று திருப்பிக் கேட்கப்போகிறார் என மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருந்து எவ்வளவு கலக்கணும், டாக்டரண்ணே?"

டாக்டர் அளவைச் சொல்லிவிட்டு வயலில் இறங்கக் காலை எடுத்தார்.

"நீங்க மட்டும் உள்ள வராதீங்கண்ணே."

"அந்தச் செருப்பையும் கழட்டிக் குடுங்க," என்றாள் மனைவி. கழற்றிக் கொடுத்துவிட்டு, டாக்டர் வரப்பிலேயே நின்றார்.