குளியல் தொட்டியில் அசோலா

குழாய் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவரைவிட அதிகமாக ஆடிப்போனது அவருடைய மாமியார்தான்.

பகையெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்து நான்கு வருடமாகியும் இருவருக்கும் கூச்சம் விடவில்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." பேச்சு அதற்கு மேல் நகராது. மகள் நர்ஸ். அவள் வீட்டில் இருந்தால் கலகலப்பு, டூட்டிக்குப் போய்விட்டால் சுவர்க்கடிகாரச் சத்தம்தான். இனி பகல் முழுக்க இவர்கள் இருவரும், பின்கட்டில் இருபத்து நான்கு முட்டைக்கோழிகளும்.

ஒரு மாதம் மாப்பிள்ளை போனைப் பார்த்தே பொழுதை ஓட்டினார். பிறகு ஒருநாள் ஊன்றுகோலோடு பின்கட்டுக்கு வந்தார். வேலைக்குப் போன வீடுகளில் கழற்றிய பழைய குளியல் தொட்டிகள் ஏழு அங்கே குப்புறக் கிடந்தன. அவற்றை நிமிர்த்தி, அடைப்புப் போட்டு, தண்ணீர் நிரப்பி, கோழி எருவைக் கரைத்து ஊற்றினார். ஒரு பையிலிருந்து பச்சையாக எதையோ தூவினார்.

"என்ன மாப்பிள்ளை, பாசியா?"

"அசோலா அத்தை. தண்ணியில மிதக்கற செடி. சோயாப் புண்ணாக்குல இருக்கற புரதத்துல பாதி இதுல இருக்காம். கோழிக்குப் போடலாம்."

மூன்றே வாரத்தில் ஏழு தொட்டியிலும் பச்சைக் கம்பளம் விரித்தது போல் படர்ந்துவிட்டது. அள்ளிப் போட்டால் கோழிகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடிவந்து தின்றன. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அத்தையிடம் சொல்லாமலே தீவனத்தில் சோயாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

பத்து நாளில் முட்டை இருபத்தொன்றிலிருந்து பதினான்காக இறங்கியது. சோயா மூட்டை இன்னும் கனமாக இருப்பதைப் பார்த்ததுமே அத்தைக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? அவர் காதில் விழும்படி கோழிகளைத் திட்டினார்.

"தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குங்கடி! கேட்டா வாய் இருக்கா உங்களுக்கு? யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்றதில்ல!"

கூண்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் சத்தம் நின்றது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் அத்தைக்குப் பாவமாகிவிட்டது. தொட்டியிலிருந்து ஒரு கை அசோலாவை அள்ளி இறுக்கிப் பிழிந்தார். முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. கையில் மிஞ்சியது ஒரு சிட்டிகை.

"பாருங்க மாப்பிள்ளை. வயிறு என்னமோ ரொம்புது. ஆனா தண்ணியால ரொம்புது."

அவர் அந்தச் சிட்டிகையை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாதிப் புரதம்னது காய வச்ச எடைக்குப் போட்ட கணக்கு அத்தை! நான் பச்சையாவே கொட்டியிருக்கேன்."

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து வேலை இருவருடையதாயிற்று. பழைய கொசுவலைச் சட்டங்களில் அத்தை அசோலாவை நிழலில் பரப்பிக் காயவைத்தார். ஒன்றரைக் கிலோ காய்ந்து நூறு கிராமுக்கும் குறைவாய்ச் சுருங்கியது. அதைத் தூளாக்கி மாப்பிள்ளை எடை போட்டார். சோயாவை அடியோடு நிறுத்த முடியாது, கொஞ்சம்தான் குறைக்கலாம் என்று வாதாடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முட்டை பதினேழாகி, பத்தொன்பதாகி, பழையபடி இருபத்தொன்றில் வந்து நின்றது.

அந்த வாரக் கடைசியில், முட்டை வாங்கும் பேக்கரிக்காரர் ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே உடைத்து ஊற்றிய முட்டை, கரு பூசணி நிறத்தில்.

"என்னம்மா, சாயப்பொடி கலக்கறீங்களா? வெள்ளைக் கேக்குக்கு ஆர்டர், மஞ்சளா வந்து நிக்குது!"

அத்தைக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ! "சாயமா? நல்லாருக்கே! வந்து பாருங்க" என்று அவரைத் தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தினார். "பச்சை தின்னா கரு செவக்காம என்ன செய்யும்? ஒடஞ்ச காலை வச்சுக்கிட்டு எங்க மாப்பிள்ளை ஒவ்வொரு தொட்டியா வளர்த்தது இது. இப்படிப் பொறுமையா செய்ய வேற யாரையாவது காட்டுங்க பாப்போம்!"

பேக்கரிக்காரர் டம்ளரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் இந்த நிறம் நல்லாத்தான் வரும். எப்பவும் போல எடுத்துக்கறேன். வெள்ளைக் கேக்குக்கு மட்டும் வேற பாத்துக்கறேன்."

அவர் போன பிறகும் மாப்பிள்ளை தொட்டியைவிட்டுத் தலை நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

"நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது அத்தை."

"எனக்கே தெரியாது மாப்பிள்ளை."

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த மகள் வாசலில் நின்று நான்கு தடவை மணி அடித்தாள். யாரும் திறக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கவாட்டுச் சந்து வழியாக ஓடிவந்தாள். பின்கட்டில், வெயில் தாக்காமல் தொட்டிக்கு வலை போடலாமா ஓலை போடலாமா என்று அம்மாவும் கணவனும் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.