துருப்பிடிக்காத களைப்பு

இரும்பு துருப்பிடித்தாலும் அதைப் பிடித்து வேலை செய்தவரின் களைப்பு துருப்பிடிப்பதில்லை என்பது, நகரத்துக்கு மேற்கே இருந்த வயல்களை அடுக்குமாடிகளுக்காகத் தோண்டத் தொடங்கிய ஆண்டில் தெரியவந்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவர். மண்ணோடு வந்த வளைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே வைத்தால் வலி போனது, எடுத்தால் வந்தது. யாரோ பார்த்துவிட்டுச் சொல்ல, அவரும் அதைக் கையில் வைத்தபடியே, ஓகோ அரிவாளா இது என்றார். அவ்வளவுதான், அரிவாள் வெறும் இரும்பாகிவிட்டது, வலி அவரோடு தங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு கதிர்கூட அறுத்திராத அந்த மனிதர் அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சரியாகப் பெயர் சொன்னால் களைப்பு சொன்னவருக்கு, தவறாகச் சொன்னால் பொருளிலேயே இருக்கும் என்று ஊருக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை.

வேலையாட்கள் எதையும் தொட மறுத்ததால் கட்டடங்கள் அஸ்திவாரத்தோடு நின்றன. தொல்பொருள் அலுவலகம் ஒரு பணியிடத்தை உருவாக்கியது. வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த ஒருத்தி மட்டும் விண்ணப்பித்தாள். அவளை எல்லோரும் அடையாளக்காரி என்றார்கள். மின்விசிறி ஓடும்போதெல்லாம் முனகுகிற ஒரு பின்னறையில் அவளுக்கு மேசை போட்டார்கள். மண் ஒட்டிய பொருள்கள் சாக்குகளில் வரும். ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே வலிக்கிறது என்று கவனித்து, பெயரைச் சொல்வாள். தோளும் குதிகாலும் வலித்தால் கலப்பையின் கொழு. முன்கைகள் இரண்டும் இழுத்தால் கிணற்று வாளியின் வளையம். கண் எரிந்தால் மூட்டை தைக்கும் ஊசி. அடுத்து அலுவலக உதவியாளர் அதைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு ஒன்றும் செய்யாவிட்டால் பெயர் சரி என்று பொருள். ஒருமுறை ஒரு சின்ன அரிவாளை எடுத்தபோது இடுப்பு வலியோடு மார்பில் பால் கட்டிய வலியும் வந்தது. பச்சைக் குழந்தையை எங்கோ கிடத்திவிட்டு அறுக்க வந்தவளின் அரிவாள் அது. அன்று அவள் மேசையில் தலை கவிழ்ந்து வெகுநேரம் கிடந்தாள். அலுவலகம் அதற்கு வைத்த சீட்டில் அரிவாள், சிறியது என்று இருந்தது. எழுதியவர்மேல் குற்றமில்லை, சீட்டு அவ்வளவுதான் கொள்ளும். அருங்காட்சியகத்தில் வைத்த களைக்கொத்து ஒன்றுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் களைப்புக்கொத்து என்று எழுதிவிட்டார். தப்பென்று சொல்ல யாருக்கும் மனம் வராததால் அப்படியே விட்டார்கள்.

அடுக்குமாடிகள் எழுந்தன, ஆட்கள் குடிவந்தார்கள், குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். அடையாளக்காரியின் உடம்பில் எத்தனையோ பேர் உழுதார்கள், நட்டார்கள், சுமந்தார்கள். பேருந்தில் நின்றபடியே தூங்கினாள். அவள் கணவர் அதே அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளுக்காக மாடிமாடியாக ஏறி இறங்குவது அவர் பிழைப்பு. கல்யாணமான புதிதில் இருவரும் விளக்கணைத்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசினார்கள். பிறகு அதுவும் இல்லை. அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவள் கண் சொருகிவிடும். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்கிற பேச்சு ஆண்டுக்கணக்காகப் பாதியிலேயே நின்றது. ஒருநாள் அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"செத்துப்போனவங்க களைப்பையெல்லாம் வாங்கி வெச்சிருக்க. எனக்கும் ஒண்ணு இருக்கு. அத எப்பக் கேக்கப்போற?"

அவள் பதில் சொல்ல நினைத்தாள். நினைத்தபடியே தூங்கிவிட்டாள். அந்த மாதமே அவர் தன் சட்டைகளைத் தனியாக ஒரு பெட்டியில் மடித்து வைக்க ஆரம்பித்தார். எங்கேயும் போகவில்லை, ஆனால் பெட்டி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் பெட்டியும் இருக்காது, அவரும் இருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தடுத்துப் பேசத்தான் தெம்பில்லை.

கடைசி மனையைத் தோண்டியபோது ஒரு மரக்கட்டை வந்தது. முழங்கை நீளம், நடுவில் லேசான பள்ளம், பள்ளம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நுகத்தின் துண்டு என்றார் அதிகாரி. உரலின் மூடி என்றார் இன்னொருவர். அடையாளக்காரி அதைக் கையில் எடுத்தாள். எங்கும் வலிக்கவில்லை. வலிக்காதது மட்டுமில்லை, ஏற்கெனவே இருந்த வலி ஒவ்வொன்றாக இறங்கிப்போனது. உச்சிவெயிலில் மரத்தடி நிழலும் யாருடைய குறட்டையோ ஒன்றும் அவளுக்குள் வந்து போயின. கை வைத்த மாத்திரத்தில் அது என்ன என்று தெரிந்துவிட்டது. வேலைக்கு நடுவே வயல்காரர்கள் மாற்றி மாற்றித் தலைக்கு வைத்துப் படுத்த கட்டை. பெயரைச் சொன்னால் அத்தனை பேருடைய ஓய்வும் அவளுக்கு. அப்புறம் கட்டை வெறும் கட்டை. பலர் முன்னால் அதை அனுபவிக்க அவளுக்கு மனமில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் பொய் சொன்னாள், அடுப்புக் கட்டை என்று. உதவியாளர் தொட்டுப் பார்த்தார். எதுவும் வலிக்கவில்லை, சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, காரணமில்லாமல் சிரித்தார். அடுப்புக் கட்டைக்கு அருங்காட்சியகத்தில் இடமில்லை. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. கணவரோடு பங்கு போடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, வேண்டாம் என்று ஒதுக்கினாள். இத்தனை பேரைச் சுமந்தவளுக்கு இது ஒன்றாவது முழுசாகக் கிடைக்கட்டும் என்று இருந்தது. கட்டையைக் கூடத்தில் தரையில் வைத்தாள். மண் கையோடு அதைப் பிடித்துப் பெயர் சொல்ல வேண்டாமென்று கைகால் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது, வேலையிலிருந்து வந்த கணவர் எண்ணெய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். கட்டை அவர் தலைக்கடியில் இருந்தது. ஒரு கை அதைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணை மூடியபடி சொன்னார்:

"எங்க பிடிச்ச இத? தலைக்கு வெச்சுப் படுக்கறதுக்குன்னே செஞ்ச கட்டை போல."

அவர் முகத்தில் அப்படியொரு களை வந்ததை அவள் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அது இருந்ததில்லை. அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பதறி எழுந்து கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு மட்டும் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு வேண்டிய களைப்பு அவரிடம் இப்போது இல்லை.

"போனது போகட்டும், இப்படி வா. எங்கெங்க வலிக்குதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு. நான் எங்கயும் போகல."

அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். சாய்த்ததும் வலி இறங்கத் தொடங்கியது. கட்டையிலிருந்த ஓய்வு இப்போது அவரிடம் குடியிருந்தது. தோளை எடுத்தால் வலி திரும்ப வந்துவிடும். ஆனால் அவர் எடுக்கவில்லை. குழந்தை பற்றிய பேச்சை அன்று முடிவுவரை பேசினார்கள். வேண்டும் என்று முடிவானது.

அதற்குப் பிறகு லிஃப்ட் வேலையை விட்டுவிட்டு அவரும் அவளோடு அலுவலகத்துக்கு வந்தார். பின்னறையில் இன்னும் பிரிக்காமல் கிடந்த சாக்குகளிலிருந்து பொருளை அவள் எடுப்பாள், பெயர் சொல்வாள், வலி வாங்குவாள், பிறகு பக்கத்திலிருக்கும் தோளில் சாய்ந்துகொள்வாள். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று கேட்டார். கேட்டபோது அவளுடைய கை கணவரின் கைக்குள் இருந்தது. அவர் தனக்கு யார் என்பது இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு அவ்வளவு துல்லியமாக என்றைக்கும் தெரிந்திருக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டால் அவரிடமிருந்த ஓய்வு அத்தனையும் அவளுக்கு வந்துவிடும், அவர் காலியாகிவிடுவார்.

"சும்மா, கூட வந்திருக்கார்," என்றாள்.

அதிகாரி தலையாட்டிவிட்டு, அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.